கெட்டிக்காரனுக்கு உளி எதற்கு?

எங்கள் வீட்டில் சாமியறைக்கு அடுத்த அறையிலே, பழைய அலுமாரியின் மேற்றட்டில், பலாமரத்தாற் செய்த பெட்டியொன்று இருக்கின்றது. பூல்ஸ்காப் தாளை மடிக்காமல் வைக்கத்தக்க நீள அகலமும் ஒரு சாண் உயரமும் உடையது. மூடி காடியில் வழுக்கித் திறக்கும். பிணைச்சல் கிடையாது, ஆணி ஒன்றுதானும் இல்லை. பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிவந்து கபில நிறங் கொள்ளும். இப்பெட்டி இன்று பழம்புளியின் நிறத்தை அடைந்துவிட்டது. என் தந்தையார் தமது பதினைந்தாவது வயதில், 1953 ஆம் ஆண்டிலே, தாம் கற்ற கல்லூரியின் மரவேலைக் கூடத்தில் இதனைச் செய்தார். அதன் பின்னர் தம் வாழ்நாளில் வேறொரு மரச்சாமானும் அவர் செய்ததில்லை. 2018 ஆம் ஆண்டிலே, எண்பதாவது வயதில் அவர் காலமானார்.

வீட்டின் முக்கியமான கடதாசிகள் யாவும் இப்பெட்டிக்குள்ளேதான் இருந்து வந்தன. காணி உறுதிகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், சோதனைச் சான்றிதழ்கள், பென்சன் கடிதங்கள் ஆகிய எல்லாம் அதற்குள் அடக்கம். 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, தந்தையார் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு போனது இந்தப் பெட்டியைத்தான். அரிசிச் சாக்கை நான் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளில் ஏற்றினார். பெட்டியை மட்டும் என்னிடந் தரவில்லை. வழியெல்லாம் மழை. சாவகச்சேரியில் ஒரு பாடசாலை விறாந்தையில் அதனைத் திறந்து பார்த்தோம். ஓரத்திலே சிறிது ஈரம் ஊறியிருந்ததேயன்றி, ஒரு தாளேனும் எழுத்துக் கலையவில்லை. மூடி செல்லும் காடியின் ஒரு பக்கம் மட்டும் எங்கோ இடிபட்டுப் பிளந்திருந்தது. அந்தப் பிளவை நாங்கள் முப்பதாண்டு காலம் திருத்தாமலே வைத்திருந்தோம்.

இந்தப் பெட்டியைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வேண்டுமென்று எனக்கு முன்னர் தோன்றியதேயில்லை. இந்துக் கல்லூரியொன்றிலே வரலாறு கற்பித்து வருகின்றேன். பிறர் கதையை உரைப்பதே என் தொழில். ஆனால், என் மாணவனொருவனுக்கு நான் சொன்ன புத்திமதியொன்று மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றது. அதனைச் சொல்வதற்கு முன் தந்தையாரின் மாணவப் பருவத்தைச் சிறிது சொல்ல வேண்டியிருக்கின்றது.

அவர் 1938 ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஊர்ப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பை முடித்து, 1949 ஆம் ஆண்டில் கல்லூரியிற் சேர்ந்தார். 1945 ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி வந்திராவிடின் அவர் அந்தக் கல்லூரிப் படலையை மிதித்திருக்க மாட்டார். பாட்டனாருக்கு இருந்த சொத்தெல்லாம் எட்டுப் பரப்புப் புகையிலைத் தோட்டமும், ஒரு துலாக் கிணறும், ஏழு பிள்ளைகளுமே. விடியற்காலையில் துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்து, அக்கிணற்றிலேயே குளித்து, பழஞ்சோறு உண்டு, நாலு மைல் நடந்து கல்லூரிக்குச் செல்வார். காலுக்குச் செருப்பில்லை. விடுதி மாணவர் மணியடித்ததும் சாப்பாட்டு மண்டபத்துக்கு வரிசையாய்ப் போவதைப் பார்த்து ஏங்கியதுண்டென்று சொல்வார். விடுதி மாணவரோ, மாலையில் வீடு திரும்பும் இவரைப் பார்த்து ஏங்கினார்களாம்.

வெள்ளிக்கிழமைப் பூசை, சரஸ்வதி பூசை, நாவலர் குருபூசை, உதைபந்தாட்டம், விவாத சங்கம் என்று கல்லூரி வாழ்க்கை நிறைந்தேயிருந்தது. ஆயினும் பாடங்கள் அக்காலத்தில் ஆங்கிலத்திலே நடந்தன. சுயமொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்குப் படிப்படியாக ஏறி வந்தது அதன் பின்னரே. ஊர்ப் பாடசாலையில் முதல்வனாயிருந்தவர் கல்லூரிக்கு வந்ததும் ஊமையாகிவிட்டார். கேட்ட கேள்வி விளங்கும், விடையும் தெரியும், வாய் மட்டும் திறவாது. கிழமைக்கு இரண்டு பாடவேளை நடைபெற்ற மரவேலை வகுப்பிலே மாத்திரந்தான் வாய் திறந்ததென்பார். ஏனெனில், அங்கே கற்பித்தவர் தமிழிலே கற்பித்தார்.

மரவேலைக் கூடம் கல்லூரியின் பின்புறத்தில், சைக்கிள் கொட்டகைக்கு அப்பால், ஒரு வேப்பமரத்தின் கீழே தகரக் கூரையுடன் நின்றது. ஆறு வேலைமேசைகள். சுவரிலே சீவுளி, வாள், உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் என்று ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம். அந்த இடத்திலே கருவியின் உருவம் கறுப்பு மையாற் கீறப்பட்டிருக்கும். மாலையில் ஒரு கருவி குறைந்தால், வெறுமையாய் நிற்கும் அந்தக் கறுத்த நிழலே களவைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு மூலையிலே வச்சிரப்பசை காய்ச்சும் சட்டி. வச்சிரம் மாட்டுத் தோலிலும் எலும்பிலுமிருந்து எடுப்பது. சைவக் கல்லூரிக்குள்ளே மாட்டுத்தோற் பசையா என்று ஒரு பெற்றார் முறைப்பாடு கொண்டுவந்தாராம். அதிபர் அமைதியாக, “கோயில் மேளம் எந்தத் தோலிலே கட்டியிருக்கிறது?” என்று கேட்டு அனுப்பிவிட்டாராம். இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் தந்தையார் புதிதாய்க் கேட்பவர் போலச் சிரிப்பார்.

முதலாந் தவணை முழுவதும் ஒரு முழக் கட்டையைச் சீவி மட்டமாக்குவதே பாடம். வேறொன்றும் இல்லை. மரவேலை ஆசிரியர் மூலைமட்டத்தைக் கட்டையின் மேல் வைத்து, யன்னலுக்கு நேரே உயர்த்திப் பிடிப்பார். இரும்புக்கும் மரத்துக்கும் இடையில் மயிரிழை வெளிச்சந் தெரிந்தாலும், “வெளிச்சம் போகுது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏசுவதில்லை, அடிப்பதில்லை. அந்த இரண்டு சொற்களே. மாணவர் அவருக்கு அதையே பட்டப்பெயராகவும் வைத்துவிட்டனர். கணிதத்தில் விடை பிழைத்தால் ஆசிரியரோடு வாதாடலாம். கட்டுரையில் புள்ளி குறைந்தால் ஆசிரியருக்குத் தம்மேல் வன்மமென்று வீட்டிலே சொல்லலாம். வெளிச்சத்தோடு யார் வாதாடுவது? பதின்மூன்று வயதில் தமக்கு நியாயம் இன்னதென்று காட்டியது அந்த மூலைமட்டமே என்று தந்தையார் சொல்வார்.

அடுத்தது வாள். “கோட்டை அறுக்காதை. கோட்டுக்கு வெளியாலை அறு. கோடு மரத்தோடை நிக்கோணும்.” இதனை எத்தனை முறை கேட்டிருப்பாரோ, எங்களுக்கு அவர் சைக்கிள் ஓட்டப் பழக்கியபோதும் இதையே சொன்னார்! அதன் பின்னர் பொளியும் கழுந்தும். மூன்றாம் ஆண்டிலே புறாவால் மூட்டு.

புறாவால் மூட்டைப் பாராதவர் இருப்பின், பழைய அலுமாரி லாச்சியை இழுத்து அதன் மூலையைப் பார்க்கலாம். ஒரு பலகையின் நுனியில் விரித்த புறாவின் வாலைப் போன்ற பற்கள். மற்றப் பலகையில் அவற்றுக்கேற்ற பள்ளங்கள். பற்கள் நுனியில் அகன்றும் அடியில் ஒடுங்கியும் இருப்பதனால், லாச்சியை முன்னே இழுக்குந்தோறும் மூட்டு இறுகுமேயன்றிக் கழலாது. ஆணி துருப்பிடிக்கும், மாரியில் ஊதியும் கோடையில் சுருங்கியும் மரம் அசைய அசைய ஆணி துளையைப் பெருப்பித்துக்கொண்டு ஒருநாள் வெளியே வந்துவிடும். இம்மூட்டோ மரத்தை மரமே பிடித்திருப்பது. மரத்தோடு தானும் அசையும். முதலிலே பற்களை வெட்டி, அவற்றை மற்றப் பலகையின்மேல் வைத்துக் கூரிய ஊசியாற் கோடு கீறி, அக்கோட்டுக்கு வெளியே அறுத்து, உளியால் இரு பக்கமிருந்தும் பாதி பாதியாகக் கொத்தி எடுக்க வேண்டும். ஒரே பக்கமிருந்து கொத்தினால் மறுபக்கம் பிய்ந்துவிடும். இவையெல்லாம் எனக்குத் தந்தையார் வாயாற் சொன்னவை. கையாற் காட்டித் தந்ததில்லை.

ஆயுத பூசைக்கு அக்கருவிகளை எல்லாம் எண்ணெய் பூசித் துடைத்து, மண்டபத்திலே கும்பத்துக்கு முன்பாகப் புத்தகங்களோடு ஒன்றாய் அடுக்குவார்களாம். ஆண்டிலே ஒருநாள் உளியும் ஆங்கில அகராதியும் ஒரே வெள்ளைத் துணியின்மேல் இருந்தன.

அந்தக் கல்லூரியின் ஆசிரியர் குழாம் எடுத்துக்கொண்ட நிழற்படமொன்று தந்தையாரின் பெட்டிக்குள் இருந்தது. முன்வரிசையிலே பட்டதாரி ஆசிரியர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். அந்நாற்காலிகள் மரவேலைக் கூடத்திலே மாணவர்கள் செய்தவை. செய்வித்தவர் கடைசி வரிசையின் ஓரத்திலே, பாதி முகம் மறைய நிற்கின்றார். சிறுவனாயிருக்கையில் அவரைச் சுட்டிக்காட்டியே அப்பா எனக்கு இந்தக் கதைகளைச் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் பெயரிற் பாதியை அவர் மறந்துபோயிருந்தார்.

எஸ். எஸ். ஸி. என்று ஊரார் வழங்கிய சோதனையில் தந்தையார் 1955 ஆம் ஆண்டு நல்ல பெறுபேற்றுடன் சித்தியடைந்தார். சில நாட்களுக்குப் பின் மரவேலை ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். கல்லூரி ஆசிரியரொருவர் அந்த வீட்டுப் படலையைத் திறந்து வந்தது அதுவே முதன்முறை. பாட்டனார் அவரைத் திண்ணையில் இருத்தினார். பாட்டி தேநீர் கொடுத்தார். கொழும்பு மருதானையிலே 1893 ஆம் ஆண்டு முதல் தொழினுட்பக் கல்லூரி ஒன்று இருப்பதையும், படம் வரைவதிலும் கட்டட வேலையிலும் அங்கே பயிற்சி பெறலாமென்பதையும், “உங்கடை பொடியனுக்குக் கையும் கண்ணும் ஒண்டாய் ஓடுது, ஆயிரத்திலை ஒருத்தனுக்குத்தான் அப்பிடி அமையும்” என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார்.

பாட்டனார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கெட்டிக்காரப் பொடியனுக்கு உளி ஏன், மாஸ்ரர்? படிப்பு ஏறாததுகளுக்குப் பழக்குங்கோ. அந்தத் தொழிலுக்கெண்டு ஆக்கள் இருக்கினந்தானே” என்றார்.

அந்த ‘ஆக்கள்’ யாரென்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வந்திருந்த ஆசிரியரும் அவர்களில் ஒருவர். பாட்டனார் அவரைப் புண்படுத்த எண்ணிச் சொல்லவில்லை. அங்ஙனம் எண்ணியிருந்தாலாவது மன்னிப்புக் கேட்க ஓர் இடம் இருந்திருக்கும். ஆசிரியர் தேநீரை முழுவதும் குடித்து, பாத்திரத்தைக் கீழே வைத்து, “அப்ப வாறன்” என்று எழுந்து சென்றார். தந்தையார் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் என்பதை எழுபது வயதிலும் சொல்லிக் கவலைப்பட்டார்.

பாட்டனாரைக் குறை கூறுவது எளிது. அவர் கைகள் மண்வெட்டிக் காம்பினாற் காய்த்துப்போனவை. தன் மகன் கையாவது மெத்தென்றிருக்க வேண்டும் என்பதே அவர் விரும்பியது. அரசாங்க உத்தியோகமென்றால் மாதச் சம்பளம், ரயில் வாரண்டு, பென்சன். இரண்டு தங்கைமாருக்குச் சீதனம். அன்றைய யாழ்ப்பாணத்திலே பேனை பிடிக்கும் கையே குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது.

அன்றியும், இது பாட்டனார் ஒருவரின் எண்ணமும் அன்று. கன்னங்கரா அவர்களைத் தலைவராகக் கொண்ட விசேட கல்விக்குழு 1943 ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கையில், ஆரம்பக் கல்விக்குப் பின்னர் பிள்ளைகளை மூவகைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பலாமென்று விதந்துரைத்தது. ஏட்டுக்கல்வியில் வல்லோருக்கு ஒருவகை, இடைத்தரத்தாருக்கு ஒருவகை, எஞ்சியோருக்குச் செயன்முறைப் பாடசாலை. இலவசக் கல்வி என்னும் பெருங்கொடையை நாடு இரு கையாலும் ஏற்றுக்கொண்டது. செயன்முறைப் பாடசாலையையோ ஒருவரும் ஏற்கவில்லை. தன் பிள்ளையை ‘எஞ்சியோர்’ கூட்டத்தில் எண்ணுவதற்கு எந்தத் தாய் தகப்பன் இசைவர்? இதைக் கற்பிக்கும்போது நான் பல ஆண்டுகளாக, ‘மக்கள் தொழிற்கல்வியின் அருமையை உணரவில்லை’ என்றே குறிப்புக் கொடுத்து வந்தேன். இப்போது அக்குறிப்பைக் கொடுப்பதில்லை. மக்கள் நன்றாகவே உணர்ந்தார்கள் என்பது என் எண்ணம். தோற்றவனுக்குக் கொடுக்கும் பண்டத்தை வென்றவன் வாங்க மாட்டான். தெல்லிப்பழையிலே அமெரிக்க மிஷனார் அதற்கு வெகுகாலம் முன்னரே கைத்தொழிற் பாடசாலை வைத்து நடத்தினார்கள். கல்லூரிகள் பலவற்றிலும் மரவேலையும் நெசவும் பன்னவேலையும் இருந்தன. கூடங்களுக்குக் குறைவில்லை. முன்வரிசையிலே அவற்றுக்கொரு நாற்காலிதான் இல்லாது போயிற்று.

தந்தையார் எழுதுவினைஞர் பரீட்சையில் தேறி 1957 ஆம் ஆண்டிற் கொழும்புக்குப் போனார். அதற்கு முந்திய ஆண்டிலே ஓடத் தொடங்கியிருந்த யாழ்தேவியிற் பயணம். வெள்ளவத்தையிலே எட்டுப்பேர் கூடி வாழ்ந்த சமரியில் ஒரு மூலை. ஆனால், அதே 1956 ஆம் ஆண்டிலே வேறொன்றும் வந்திருந்தது: தனிச்சிங்களச் சட்டம். 1958 கலவரத்தில் கட்டிய துணியோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினார். சில மாதங்களின் பின் மீண்டும் போனார். வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த தமிழர் குறித்த காலத்துக்குள் சிங்களத்திற் சித்தியடைய வேண்டும். இல்லையேற் சம்பள உயர்வு நின்றுவிடும். இரவிலே படித்து முதற்படியில் தேறினார்; அடுத்த படியில் இருமுறை தவறினார். உயர்வு நின்றது. அவரிடம் வேலை பழகியவர்கள் அவருக்கு மேலே சென்றார்கள். 1974 ஆம் ஆண்டிலே முப்பத்தாறு வயதில், குறைந்த பென்சனோடு இளைப்பாறி ஊருக்கு வந்து, பாட்டனாரின் அந்த எட்டுப் பரப்பிலே வெங்காயம் வைத்தார். கைகள் காய்த்தன.

நான் உயர்தரம் படிக்கும்போது ஒருநாள், அந்த ஆசிரியர் சொன்னதைக் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று வினவினேன். வெங்காயத்தை இணுங்கிக்கொண்டே, “உளி என்னட்டைச் சிங்களச் சோதனை கேட்டிராது, தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உளியும் தம்மட்டில் எல்லாத் துன்பத்தினின்றும் அவரைக் காத்திருக்குமென்று நான் கருதவில்லை. 1958 உம் 1983 உம் உளி பிடித்தவனையும் விட்டு வைக்கவில்லை. எனினும், எந்த வீட்டுக்குப் போனாலும் கதைத்துக்கொண்டிருக்கையிலேயே அவர் விரல்கள் மேசை விளிம்பின் கீழே மூட்டைத் தேடிச் செல்லும். அதைக் கண்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எழுபதுகளிலே இன்னொரு முயற்சி நடந்தது. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் எல்லா மாணவருக்கும் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கிற்று. என் பெரியக்கா அப்போது கடகமும் சுளகும் இழைக்கக் கற்றார். இன்றும் நன்றாய் இழைப்பார். கெட்டிக்காரர், கெட்டித்தனமற்றவர் என்ற பேதமின்றி எல்லோருக்கும் கொடுத்தமையால், அது ஒருவாறு நல்ல திட்டமென்றே சொல்வேன். ஆனால், தரப்படுத்தலினால் பல்கலைக்கழக வாசல் ஒடுங்கிய அதே காலத்தில், தமிழ்ப் பெற்றார் அதனையும் தம் பிள்ளைகளைக் கீழே தள்ளும் சூழ்ச்சியாகவே ஐயுற்றனர். 1977 ஆட்சி மாற்றத்தின் பின்னர் அது கைவிடப்பட்டது.

இனி என் மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சாதாரண தரப் பெறுபேறுகளோடு ஒரு பையன் என்னிடம் வந்தான். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமைச் சித்தி; வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் என்ற பாடத்தில் அதிவிசேட சித்தி. தகப்பனார் ஓட்டோ ஓட்டுபவர். உயர்தரத்திலே 2013 ஆம் ஆண்டு முதல் தொழினுட்பப் பிரிவு இருக்கின்றது. அதிற் சேரலாமென்று நினைக்கிறேன், வீட்டில் மறிக்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சேர், என்று கேட்டான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு கிளிநொச்சி அறிவியல் நகரிலே தொழினுட்ப பீடம் இருப்பதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தான். நான் அவன் பெறுபேற்றுத் தாளை ஒரு நிமிடம் பார்த்தேன்.

“நீர் கெட்டிக்காரன். நீர் ஏன் அதுக்குப் போறீர்? மற்றவை போகட்டும். கணிதப் பிரிவை எடும்” என்றேன்.

அவன் “சரி சேர்” என்றான்.

அன்றிரவு என் மகனின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் வேண்டியிருந்தது. பெட்டியை இறக்கினேன். மூடியை இழுத்தபோது கை பழக்கத்தினால் மூலையைத் தடவிற்று. பாட்டனாரின் வார்த்தையைச் சிறிது நாகரிகப்படுத்தி நான் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அவனை அழைத்து என் சொல்லை மீட்டிருக்கலாம். மீட்கவில்லை. படிவத்தை நிரப்பிக் கொடுத்திருப்பான், இனிக் குழப்பக்கூடாது என்று எனக்கு நானே சமாதானஞ் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கல்லூரியின் கணிதப் பிரிவுப் பெறுபேறு குறையக்கூடாது என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

2025 ஆம் ஆண்டு ஆனியில் அவன் வகுப்புக்கு வராது விட்டான். மூன்று கிழமை பொறுத்து வீட்டுக்குப் போனேன். தாயார் வாங்கைத் துடைத்து இருக்கச் சொன்னார். “சேர் சொன்னபடிதான் சேர்த்தனாங்கள்” என்றார். அவர் குரலிலே குற்றஞ் சாட்டும் தொனி சற்றும் இல்லை. விவரத்தைச் சொல்பவர் போலவே சொன்னார். இரண்டு தவணையும் இணைந்த கணிதத்தில் தோற்றுவிட்டு, ரியூசனுக்கு என்று சொல்லிக்கொண்டு அடுத்த ஒழுங்கையிலுள்ள தச்சுப் பட்டறைக்குப் போய் வந்திருக்கிறான். கண்டுபிடித்த தகப்பனார் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பையன் மயிரிலே மரத்தூளோடு வந்து என் முன் நின்றான். என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், எங்கள் வீட்டிலே ஒரு பழைய பெட்டியின் காடி உடைந்திருக்கிறது, பார்ப்பீரோ என்று கேட்டேன்.

அடுத்த ஞாயிறு பெட்டியைக் கொண்டுபோனேன். அவன் மூடியைத் திறக்கவில்லை. முதலிலே குப்புறக் கவிழ்த்தான். பின்னர் ஒவ்வொரு மூலையையும் கட்டைவிரலால் மெல்லத் தடவினான். மூன்றாவது மூலையிலே விரல் நின்றது. யன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்தான்.

“சேர், இஞ்சை பாருங்கோ. செய்த ஆள் இதிலை கோட்டுக்கு உள்ளாலை அறுத்துப் போட்டார். பிறகு மெல்லிசாய் ஒரு ஆப்புச் சீவி வைச்சு மறைச்சிருக்கிறார்.”

பார்த்தேன். ஒரு பல்லின் பக்கத்திலே, நூல் அகலத்தில், சற்று வேறு நிறமாய் ஒரு சிம்பு. வாழ்நாள் முழுவதும் அப்பெட்டியோடு இருந்திருக்கிறேன், ஒருநாளும் கண்டதில்லை. தந்தையாரும் சொன்னதில்லை.

“அதை எடுத்துப்போட்டுத் திருத்தப் போறீரோ?”

“எடுக்கப்படாது சேர். அதுதான் இந்த மூலையைப் பிடிச்சிருக்குது” என்று சொல்லி, உடைந்த காடியின் அளவை எடுக்கத் தொடங்கினான். பழைய பலாத்துண்டு தேட வேண்டும், புதுப் பலா நிறம் ஒவ்வாது, இரண்டு கிழமை பொறுக்க வேண்டும் என்றான். யார் செய்ததென்று கேட்டான். என் அப்பா, உம்மைவிட இளையவராயிருக்கும்போது செய்தவர் என்றேன். சிறிது நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அடுத்த தொகுதியோடை தொழினுட்பத்திலை சேரலாமோ, சேர்?”

அதிபரோடு நான் பேசுகிறேன் என்றேன்.

“அப்பாவோடையும் நீங்கள்தான் கதைக்கோணும்.”

தகப்பனார் சவாரி போயிருந்தார். வர இருட்டிவிடும் என்றார் தாயார். நான் திண்ணையில் இருந்தேன். சிறிது நேரத்தில் அவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.